மஸ்தான் மகன் சிக்கந்தர்

1

நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதையை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறொரு கதையை எட்டுப் பக்கம் எழுதி முடித்திருந்தேன். அது என் பூட்டனார் சிக்கந்தரைப் பற்றியது. மேலூரில் வண்டிமாடுகளுக்கு லாடம் கட்டிப் பிழைத்தவர். தனக்குப் பிறக்காத ஒரு பெண்பிள்ளைக்குத் தன் வீட்டில் சரிபாதியை எழுதி வைத்தவர். எட்டாவது பக்கத்துக்கு வந்தபோது அவர் என் பூட்டனாரே இல்லை என்று தெரிந்தது.

அந்த எட்டுப் பக்கத்தில் முதல் இரண்டு வரியை மட்டும் அழிக்காமல் இங்கே வைக்கிறேன்:

"சந்தைக்கு வந்த வண்டிகளில் பாதி மாடுகள் நொண்டின. சிக்கந்தர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு முதல் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்தபோது மழை—"

மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் மழை இல்லை. வாக்கியம் தனியாக நிற்கிறதே என்று துணைக்கு ஒரு மழையைக் கூப்பிட்டேன். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் பெயர் ஃபாயிஸா. விளாங்குடியில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கதை எழுதுகிறவள். இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் என் ஆட்கள், ஒருவரைத் தவிர.

2

அத்தா பெயர் முகம்மது கனி. எழுபத்தொன்பது வயது. தெற்குமாசி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீடு இருக்கிறது. கீழே அத்தா. மாடியில் என் தம்பி ஷாநவாஸ், அவன் மனைவி, மகள். அத்தா வெகுகாலம் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். கண் மங்கியதும் கடையைக் கொடுத்துவிட்டார்.

அம்மா போன பிறகு அத்தாவுக்கு ஒரு வழக்கம் வந்தது. வியாழக்கிழமை அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டுக் குடும்பத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஃபாத்திஹா ஓதுவார். அம்மாவில் தொடங்கும். பிறகு தன் அத்தா, தன் அம்மா. பாட்டனார் வரைக்கும் ஏறி, அங்கே வந்ததும் குரல் தடுமாறும்.

"பேரு சிக்கந்தர். அவுக அத்தா பேரு மஸ்தான். பூர்வீகம் மேலூர்ப் பக்கம். அம்புட்டுத்தான் தெரியும்," என்றார் ஒருநாள். "ஆளு யாரு என்னன்னு தெரியாம எப்படி துஆ கேக்குறது? நீதான் கதை எழுதுறவளாச்சே, தேடிப் பாரேன்."

அவருக்கு அவ்வளவுதான் தெரியும் என்பதில் வியப்பில்லை. அத்தாவின் அத்தா, எங்கள் நன்னா, கைப்பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவர். மதுரையில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். தகப்பன் எப்படிப்பட்டவர் என்று அவருக்கே யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள்.

கதை எழுதத் தெரிந்தால் தேடவும் தெரியும் என்று அத்தா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. சாதாரண ஆளுக்கு என்ன உண்டு? பிறந்தால் ஒரு குமாஸ்தா எழுதுவார், கல்யாணம் முடித்தால் ஜமாஅத்தில் எழுதுவார்கள், ஏதாவது வாங்கினாலோ கொடுத்தாலோ பத்திர ஆபீசில் எழுதுவார்கள், செத்தால் மறுபடி ஒரு குமாஸ்தா. இடையில் கிடக்கும் வாழ்க்கை முழுவதும் எழுத ஆளில்லாமல் போய்விடுகிறது. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் மழையைக் கொண்டுவந்து பெய்யவிடுகிறோம்.

மதுரையில் பழைய இறப்புப் பதிவேடுகளைப் பார்த்தேன். மேலூர் ஜமாஅத்தில் அனுமதி வாங்கித் திருமணப் பதிவேடுகளைப் புரட்டினேன். பிறகு பத்திரங்கள்.

[இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போகிறேன். பின்னால் சொல்வேன். நீங்கள் கோபித்துக்கொண்டால் நியாயம்தான்.]

மேலூர் திருமணப் பதிவேட்டில் கிடைத்தார்: மஸ்தான் ராவுத்தர் மகன் சிக்கந்தர், லாடத் தொழில், மணமகள் விதவை, ஒரு பெண்குழந்தை உண்டு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனேன். 1938இல் அவர் பதிவுசெய்த ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரம் இருந்தது. நகல் கேட்டு எழுதிப் போட்டு வாங்கினேன்.

பழைய பத்திரத் தமிழ் உங்களுக்குப் பழக்கமா? மூச்சு விடாமல் ஒரே வாக்கியம் இரண்டு பக்கத்துக்கு ஓடும். நடுவில் இப்படி ஓர் இடம்:

"மேற்படிப் பெண் என் உதிரத்தில் பிறந்தவள் அல்லவென்றாலும் என் கையில் சோறு தின்று என் வீட்டில் வளர்ந்தவளானபடியால், என் மனப்பூர்வமாய் வீட்டில் சரிபாதியை அவளுக்கு எழுதிக் கொடுத்து, மீதிப் பாதி என் காலத்துக்குப் பின் என் வாரிசுகளைச் சேரவேண்டியது."

'வாரிசுகள்' என்ற ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. முதல் மனைவி இறந்திருப்பார், அவர் பிள்ளைதான் மதுரைக்குத் தாய்மாமன் வீட்டுக்கு வந்த எங்கள் நன்னா, சிக்கந்தர் மேலூரிலேயே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். தகப்பன் செத்துவிட்டதாக நன்னாவிடம் சொல்லி வளர்த்திருப்பார்கள். எல்லாம் பொருந்தியது. நான் பொருத்தினேன். ஒற்றைச் சொல்லில் என் குடும்பம் முழுவதையும் குடிவைத்தேன்.

4

அத்தாவுக்கு அந்தப் பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "அந்த எடத்த மட்டும் திரும்ப வாசி," என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

வாசித்தேன்.

"கையில சோறு தின்னவ," என்றார்.

"ஆமாத்தா."

"பொறக்காத பிள்ளை."

"ஆமா."

எழுந்து கைகால் கழுவி ஒளூச் செய்யப் போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை "லாடக்கார சிக்கந்தர் ராவுத்தருக்கு" என்று தொழிலோடு சேர்த்துப் பெயர் சொல்லி ஓதினார். தெரிந்த ஆளைக் கூப்பிடும் குரலாக மாறியிருந்தது அது. எனக்கு அன்று இருந்த பெருமையை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நான் எழுதிய எந்தக் கதையும் யார் குரலையும் அப்படி மாற்றியதில்லை.

சில நாள் கழித்து அத்தா என்னிடம் சொன்னார்: "அஜ்மலுக்குப் ஃபோன் போட்டுக் குடு."

5

அஜ்மல் பீவி அத்தாவின் ஒரே தங்கை. எங்களுக்குக் குப்பி. கல்யாணமாகி மேலூருக்குப் போனவர், இன்றும் அங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார்.

நன்னா இறந்தபோது எங்கள் வீட்டுக்கு வாரிசு இரண்டே பேர். அத்தா, குப்பி. அத்தா ஒருநாள் குப்பியைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளைகள் எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. நம் ஊரில் பாதி வீடுகள் அதன்மேல்தான் நிற்கின்றன.*

குப்பி மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு மண்டபத்துக்கு வருவார், சாப்பிடுவார், போவார். அம்மாவின் மய்யத்துக்கு வந்தவர் சந்து முனையிலேயே நின்றார். தூக்கிக்கொண்டு போகும்போது பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

* இதை எழுதும் வீடு என் கணவருடையது. அவருக்கும் ஒரு தங்கை உண்டு. அது வேறு கதை என்று எழுத வந்தேன். வேறு கதைதானா என்று தெரியவில்லை.

ஃபோனில் அத்தா பேசியது எனக்குக் கேட்டது.

"அஜ்மல், நான் அண்ணன் பேசுறேன்... நல்லா இருக்கேன். நம்ம வீட்டுல உனக்குச் சேர வேண்டிய பாதிய எழுதித் தந்துரணும்னு நெனைக்கிறேன். நீ வரணும்."

அந்தப் பக்கம் குப்பி ஏதோ சொன்னார். அத்தா "சரி, சரி," என்று வைத்துவிட்டார். லாடக்காரரைப் பற்றியோ, அவர் எழுதிய பத்திரத்தைப் பற்றியோ தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஷாநவாஸுக்கு உறைத்தது வேறு. மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"மார்க்கப்படி குப்பிக்கு மூணுல ஒரு பங்கு. அதக் குடுங்கத்தா, நான் ஒண்ணும் சொல்லல. பாதி எதுக்கு?"

"அவரு பாதி குடுத்திருக்காரு."

"எவரு?"

"எங்க பாட்டனாரு."

ஷாநவாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

[முதல் வரைவில் ஷாநவாஸைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் மாடி அவன் கடன் வாங்கிக் கட்டியது. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவன் அவன். நான் விளாங்குடியிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு வந்துபோனவள். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன்.]

6

பதிவுக்கு ஒரு திங்கட்கிழமை டோக்கன் போட்டாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் அத்தா கேட்டார், "அவரு கபர் மேலூர் மையவாடியிலதான இருக்கும்? எங்கன்னு பாத்துட்டு வா. கால் வலி கொறஞ்சா நான் ஒருநாள் போயி நின்னுட்டு வாரேன்."

போனேன். ஜமாஅத் ஆபீசில் ஒருவர், "லாடக்காரர் வீட்டு ஆளு தவ்பீக்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார்," என்று வழி சொன்னார்.

தவ்பீக் டூவீலர் மெக்கானிக். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்திரத்தில் பாதி வீட்டைப் பெற்ற அந்தப் பெண்பிள்ளைக்கு இவர் பேரன் மகன். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார்.

"அவுகளப் பத்திக் கேட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லக்கா. நீங்க அவுகளுக்கு யாரு?"

"அவர் மகனோட பேத்தி."

தவ்பீக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"மகனா?"

"ஆமா. முதல் சம்சாரத்தோட—"

"அவுகளுக்குப் பொறந்த பிள்ளையே கிடையாதேக்கா," என்றார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னார். "மொத சம்சாரம்னு யாரும் இல்ல. எங்க பூட்டி ஒருத்திதான் அவுகளுக்குப் பிள்ளை, அதுவும் கூட்டிக்கிட்டு வந்த பிள்ளை. மீதிப் பாதி வீட்ட அவுக அண்ணன் மக்க கேட்டுக் கேஸ் போட்டாக. பிள்ளை இல்லாதவர் சொத்துன்னு கோர்ட்டுலயே தீர்ப்பாகி, அந்த அண்ணன் மக்களுக்குத்தான் போச்சு. மய்யத்துக்கு முன்னாடி நிக்க ஒரு மகன் இல்லாமப் போச்சேன்னு எங்க பூட்டி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாகளாம்."

டீ வந்தது. குடித்தேன். வாரிசுகள் என்ற சொல்லிலிருந்து நாங்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தோம். நன்னா, அத்தா, ஷாநவாஸ், நான்.

"எதுக்கும் வந்தது வந்துட்டீங்க, எடத்தப் பாத்துட்டுப் போங்க," என்று தவ்பீக் பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஆட்டோவில் போனேன். மையவாடிக்குள் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே போய், பெயரெழுதாத ஒரு சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, கையை உயர்த்திக் காட்டினார்.

நானும் கையை உயர்த்தினேன். அவருக்கா, கல்லுக்கா என்று தெரியவில்லை.

7

மூன்றாவது பகுதியில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டினேன். அது இதுதான்.

தேடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே மதுரை இறப்புப் பதிவேட்டில் இன்னொரு சிக்கந்தரைப் பார்த்திருந்தேன். செல்ஃபோனில் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஸ்தான் மகன் சிக்கந்தர். வயது 27. ஜென்ம ஊர் மேலூர். கூலி. வாந்திபேதி. கீழே, வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் ஒரு வரி.

தெருப்பெயர் பழைய பெயர். அன்று அது எந்தத் தெரு என்று நான் விசாரிக்கவில்லை. நன்னா எங்கள் வீட்டை வாங்கிய பத்திரத்தில் அதே பெயர்தான் இருக்கிறது. நூறு தடவை பார்த்த பத்திரம். அந்த ஆள் இறந்தது நாங்கள் பிறந்த சந்தில். இறந்த வருடம் நன்னா கைப்பிள்ளை.

ஏன் விசாரிக்கவில்லை? கூலி என்று போட்டிருந்தது. மூட்டை தூக்கினாரா, மண் வெட்டினாரா, ஒன்றும் இல்லை. அவரை வைத்து இரண்டு பத்தி எழுத முடியாது. பிறகு மேலூரில் லாடமும் பத்திரமும் பெண்பிள்ளையுமாக ஒரு சிக்கந்தர் கிடைத்ததும் இவரை விட்டுவிட்டேன். இரண்டு பேரில் கதை இருந்தவரைப் பூட்டனார் ஆக்கிக்கொண்டேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே ஒரு தூணோரம் நின்று ஷாநவாஸுக்குப் ஃபோன் செய்தேன். இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வீடு வரை போக முடியாதுபோல் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தாகிட்டச் சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல. திங்கக்கிழமை பதிவு முடியட்டும்."

"அக்கா, இத்தன வருஷம் டீச்சரா இருந்திருக்க. தப்புன்னு தெரிஞ்சு எந்தப் பிள்ளைக்காவது மார்க் போட்டிருக்கியா?"

"இது பரீட்சைப் பேப்பர் இல்ல ஷாநவாஸ்."

"யாரோ ஒருத்தரத் தன் பாட்டனாருன்னு நம்பித்தான் அவரு எழுதிக் குடுக்குறாரு. நாளைக்கு மேலூர்க்காரங்க யாராவது சொல்லி அவரு காதுக்கு வந்துச்சுன்னா? நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எதுக்க உக்காருவ? நீ சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"வீட்டுக்காகத்தான சொல்ற."

பஸ்களின் சத்தத்தில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வீட்டுக்காகவும்தான்," என்றான். "அதுக்காக நான் சொல்றது பொய்யாயிருமா?"

8

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த இரண்டு முடிவுகளையும் நீங்கள் பார்த்துவிடலாம்.

ஒன்று: "திங்கட்கிழமை பதிவு நல்லபடியாக முடிந்தது. ஃபாயிஸா யாரிடமும் சொல்லவில்லை, தம்பியையும் கெஞ்சி நிறுத்திவைத்தாள். லாடக்கார சிக்கந்தர் வியாழன்தோறும் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். பிள்ளையில்லாமல் செத்தவருக்கு ஒரு பேரன் ஓதுகிறான் என்பதை நினைத்து அவள்—"

நிறுத்திவிட்டேன். எழுத எழுத அழகாகிக்கொண்டே போனது. அந்த அழகை நான் ஏற்கெனவே ஒருமுறை நம்பிவிட்டேன்.

இரண்டு: "அத்தா பத்திரத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார்."

அத்தா தன் ஆயுளில் ஒரு காகிதத்தைக் கிழித்து நான் பார்த்ததில்லை. பழைய கரண்ட் பில்லைக்கூட நான்காக மடித்து வைப்பவர்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தா வந்து, சாப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஷாநவாஸ் வாசற்படியில் நின்றிருந்தான். நான் சொன்னேன். தவ்பீக் சொன்னது, கோர்ட் தீர்ப்பு, செல்ஃபோனில் இருந்த படம், தெருப்பெயர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

முடித்தபின் அத்தா கேட்ட முதல் கேள்வி, "எம்புட்டு வயசு?"

"யாருக்குத்தா?"

"செத்தவருக்கு. நம்ம ஆளுக்கு."

"இருபத்தேழு."

"சின்னப் பய," என்றார்.

தன் பாட்டனாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

"கட்டுன பொண்டாட்டி இருந்திருக்கு. கையில பிள்ளை இருந்திருக்கு. இந்தச் சந்துலயா?"

"ஆமாத்தா. எந்த வீடுன்னு இல்ல. சந்து இதுதான்."

"வேற என்ன போட்டிருக்கு?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பேதிக்காரங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்டாகளாம் அந்தக் காலத்துல. குடுத்தா இன்னும் போகும்னு. எங்க அத்தா சொல்லுவாரு." அத்தா ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சந்தும் எதிர்வீட்டுச் சுவரும்தான். "தண்ணி கேட்டிருப்பான்," என்றார்.

அவன் என்றுதான் சொன்னார். பிள்ளையைச் சொல்வது போல. எழுபத்தொன்பது வயதுக்காரர் இருபத்தேழு வயதுக்காரரைப் பார்த்தால் பாட்டனாராகத் தெரியாது போலிருக்கிறது. லாடக்காரருக்காக அவர் அழவில்லை. இவருக்காகக் கண் கலங்கியது. எழுத ஒன்றுமில்லை என்று நான் தள்ளிவிட்ட ஆளுக்காக.

ஷாநவாஸ்தான் கேட்டான். "பதிவு என்னத்தா?"

"அது திங்கக்கிழமைதான," என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, "ஆதார் கார்ட எடுத்து வச்சிட்டியா?" என்று ஷாநவாஸிடம் கேட்டார்.

ஷாநவாஸ் காரை எடுத்தான்.

9

குப்பி மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டி, கையில் ஒரு மஞ்சப்பை. பத்திர ஆபீஸ் வராந்தாவில் இரும்பு பெஞ்சு. அத்தா நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேண்ணே."

"பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு."

ஷாநவாஸ் போய் டீ வாங்கி வந்தான். குப்பியிடம் முதலில் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு அவன் மகளை விசாரித்தார். ஆயிஷா சித்திகா என்ன படிக்கிறாள், முடிக்க இன்னும் எத்தனை வருஷம் என்று. அவன் பதில் சொல்லிவிட்டு வெயிலில் காரிடம் போய் நின்றுகொண்டான்.

"அஜ்மல், ஒண்ணு சொல்லணும்," என்றார் அத்தா. "அந்தப் பாட்டனாரு நம்ம ஆளு இல்லையாம்."

"எந்தப் பாட்டனாரு?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குப்பிக்கு ஒன்றும் தெரியாது. லாடக்காரர், பத்திரம், கையில் சோறு தின்ற பிள்ளை, எதுவுமே தெரியாது. அத்தா முதலிலிருந்து சொன்னார். தேடச் சொன்னது, பத்திரம் கிடைத்தது, அதைக் கேட்ட பிறகு மனசு கேட்காமல் போனது, இப்போது அந்த ஆள் வேறு யாரோ என்று ஆனது. நேர்மையாகச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

குப்பி டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஃபோன் பண்ணுனப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா?" என்றார். குரல் உயரவில்லை. "அண்ணன் தூக்கம் வராமக் கெடந்திருக்கும், நம்மள நெனைச்சிருக்கும்னு நெனைச்சேன். அந்த நெனைப்புலதான் பஸ்ஸு ஏறுனேன்."

பிறகு கேட்டார்:

"அப்ப, நீயா நெனைச்சுக் கூப்புடலையாண்ணே?"

அத்தா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பத்திர எழுத்தர் என்னைக் கூப்பிட்டார், சாட்சியின் ஆதார் நகல் தெளிவாக இல்லை, இன்னொன்று வேண்டும் என்று. நான் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பியபோது அத்தா பேசி முடித்திருந்தார். குப்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

[ஜெராக்ஸ் கடையை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை என்றால் அவ்வளவு மட்டமான இடத்தில் என்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டேன்.]

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள். குப்பிக்கு முட்டி பிடித்துக்கொண்டது, அத்தா கை கொடுத்தார், பிடித்துக்கொண்டார். உள்ளே போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். அத்தாவின் ரேகை மெஷினில் விழவில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல். நாலைந்து தடவை வைத்தபின் விழுந்தது. சாட்சிக் கையெழுத்து ஷாநவாஸ் போட்டான். சரிபாதி என்று எழுதியிருந்தது, அப்படியே பதிவானது.

10

பிறகு என்ன ஆயிற்று என்பீர்கள். குப்பி அன்றைக்கே மேலூர் திரும்பிவிட்டார். பாதி வீடு அவர் பெயரில் இருக்கிறது, இன்னும் அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. அத்தா ஒருநாள் கால் வலியோடு தனியாகப் பஸ் பிடித்து மேலூர் போனார். மையவாடிக்குப் போகிறார் என்று நினைத்தோம். இல்லை, குப்பி வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஒருமுறை போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் குப்பியிடம் நான் கேட்டேன். அன்றைக்கு வராந்தாவில் அத்தா என்ன சொன்னார் என்று. இந்தக் கதைக்காகத்தான் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன். குப்பி சொன்னார். அத்தா சொன்ன ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு, "இத எழுதிராத ஃபாயிஸா. இது எனக்குன்னு சொன்னது," என்றார்.

எழுத மாட்டேன். அதற்குப் பதிலாக வேறொரு பதிலை நானே எழுதி வைக்கலாம் என்று பார்த்தேன். மூன்று பதில் எழுதினேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றிலும் அத்தா நான் எழுதிய லாடக்காரரைப் போலவே பேசினார். அழித்துவிட்டேன். என் அத்தாவுக்குப் பதில் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்க இனி எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே குப்பியின் கேள்வியோடு நிறுத்துகிறேன். கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு தங்கச்சியோ அக்காவோ இருந்தால், உங்கள் பீரோவிலும் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரம் இருந்தால், அந்த வரி உங்களுடையது. அழகாக எழுத வேண்டாம்.

"அப்ப, நீயா நெனைச்சுக் கூப்புடலையாண்ணே?"

"……………………………………"